சிக்லிட் வளர்ப்பு: சண்டை புரிஞ்சா குஞ்சு வரும் – சென்னை வீட்டுத் தொட்டிக்கான முழு வழிகாட்டி

கொளத்தூர் மீன் கடைத் தெருவுல சிக்லிட் வாங்க வர்றவங்க கேக்கறது பெரும்பாலும் ரெண்டே கேள்விதான். ஒண்ணு, "அண்ணா, இது மத்த மீனைக் கடிக்குமா?" இன்னொண்ணு, "ஜோடியா குடுங்கண்ணா, குஞ்சு போடும்ல?" ரெண்டும் வேற வேற கேள்வி மாதிரி இருக்கும், ஆனா ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு. ஆண் மீன் அடிச்சுக்கறது முட்டை வைக்க ஒரு இடத்தைப் பிடிக்கறதுக்கு. ஜோடி மீன் டேங்கையே ரெண்டாக்குறது முட்டையைக் காப்பாத்தறதுக்கு. சண்டையை சுத்தமா இல்லாம பண்ணிட்டா குஞ்சும் இருக்காது, சண்டையை அப்படியே விட்டுட்டா மீனே இருக்காது. நடுவுல ஒரு அளவு இருக்கு, எந்த மீனும் சாகாம, பெண் மீன் தின்னு தேறி முட்டை வைக்கற அளவு. அதை எப்படி பிடிக்கறதுன்னுதான் இங்க எழுதறேன்.

எந்த சிக்லிட்னு முதல்ல முடிவு பண்ணுங்க

சிக்லிட்னா ஒரு மீன் இல்ல, ஒரு பெரிய குடும்பம். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், நம்ம ஏரியில கிடைக்கற ஜிலேபி, கேரளாக்காரங்க உயிரையே விடற கரிமீன் எல்லாமே சிக்லிட்தான். குஞ்சு எடுக்கற கணக்குல பாத்தா நமக்கு ரெண்டு வகை தெரிஞ்சா போதும்.

முதல் வகை, முட்டையை வாயில வெச்சு பொரிக்கறது. ஆப்பிரிக்காவுல மலாவி ஏரியில இருந்து வர்ற எம்புனா, பீகாக் எல்லாம் இப்படித்தான், எலக்ட்ரிக் எல்லோ, ரெட் ஜீப்ரா, டெமாசோனி, ஆராடஸ் இதெல்லாம் எம்புனா. இதுல ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து குடும்பம் நடத்தாது, ஆண் இடம் பிடிக்கும், பெண் வந்து முட்டை போட்டு வாயில எடுத்துக்கிட்டுப் போயிடும், அவ்ளோதான் உறவு. ரெண்டாவது வகை, கல்லுலயோ குகையிலயோ முட்டை ஒட்டி, அப்பா அம்மா ரெண்டும் சேர்ந்து காவல் காக்கறது. கான்விக்ட், ஃபயர்மவுத், ஏஞ்சல் எல்லாம் இது.

இந்த ரெண்டையும் ஒரே டேங்குல போட்டு வளக்காதீங்க, சண்டை போடற விதமே வேற. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது எலக்ட்ரிக் எல்லோ இல்ல கான்விக்ட். எலக்ட்ரிக் எல்லோ எம்புனாவுலயே சாதுவான மீன். கான்விக்ட் சைஸுக்கு மீறி முரட்டு மீன், ஆனா அது குஞ்சு வளக்கறதைப் பாக்கறதுக்கே ஒரு டேங்க் வெக்கலாம். ஆராடஸ் அழகுக்கு மயங்கி முதல் டேங்குக்கு வாங்காதீங்க, சின்ன வயசுல மஞ்சளும் கருப்புமா பளிச்சுன்னு இருக்கும், ஆண் வளந்து கறுத்துச்சுன்னா டேங்க் முழுக்க தன்னோடதுன்னு நினைக்கும். ஃப்ளவர்ஹார்ன் தனியா வளக்கற மீன், அதுக்கு இந்த கட்டுரை உதவாது.

தண்ணி: சென்னைக்காரங்களுக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு

வீட்டு போர் தண்ணியில சோப்பு நுரைக்கல, குழாயில வெள்ளையா படியுதுன்னு நாம புலம்பற அந்த கடினத் தண்ணிதான் மலாவி மீனுக்கு வேண்டியது. மலாவி ஏரி தண்ணியோட பிஎச் 7.7ல இருந்து 8.6 வரைக்கும் இருக்கும். வேற ஊர்ல சில பேர் சமையல் சோடா, எப்சம் சால்ட்டுன்னு கலந்து இந்த தண்ணியை உண்டாக்கறாங்க, நமக்கு பல ஏரியாவுல மோட்டார் போட்டாலே வந்துடுது.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு ஊத்திடாதீங்க. டிடிஎஸ் மீட்டர் தண்ணியில எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு சொல்லும், என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர ஏரியாவுல டிடிஎஸ் ஏறினதுக்கு காரணம் வெறும் உப்பாக் கூட இருக்கலாம். சொட்டு சொட்டா விட்டுப் பாக்கற ஜிஎச் (கால்சியம், மெக்னீசியம் அளவு), கேஎச் (பிஎச்சை நிலையா வெக்கற கார்பனேட் அளவு) டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி ஒரு தடவை பாத்துடுங்க. அப்புறம் இரும்பு, போர் தண்ணியை பக்கெட்ல பிடிச்சு ராத்திரி வெச்சா காலையில மஞ்சளா ஆச்சுன்னா இரும்பு இருக்குன்னு அர்த்தம், டிரம்ல பிடிச்சு ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓட விட்டு, அடியில படிஞ்சதை விட்டுட்டு மேல் தண்ணியை எடுங்க. மெட்ரோ வாட்டரோ லாரி தண்ணியோ போட்டா கட்டாயம் ஆன்டி குளோரின் போடணும், லாரி தண்ணியில குளோரின் அளவு ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது. கான்விக்ட்டுக்கு இந்த கவலை கம்மி, ஓரளவு கடினமான தண்ணியிலயும் நல்லாவே இருக்கும். ராம் சிக்லிட், டிஸ்கஸ் வளக்கறவங்க மட்டும் ஆர்ஓ தண்ணி கலக்கணும்.

கடினத் தண்ணியில ஒரு ஆபத்து இருக்கு, இதைப் பல பேர் சொல்றதில்ல. மீன் கழிவுல வர்ற அமோனியா பிஎச் ஏற ஏற விஷமாகும். 30 டிகிரி வெப்பத்துல பிஎச் 7ல மொத்த அமோனியாவுல 1 சதவீதம் கூட விஷ வடிவத்துல இருக்காது, அதே வெப்பத்துல பிஎச் 8.5ன்னா கிட்டத்தட்ட 20 சதவீதம் விஷம். அதாவது கோல்டு ஃபிஷ் தாங்கின தப்பை எம்புனா டேங்க் தாங்காது. அதனால புது டேங்கை மீன் இல்லாம 4ல இருந்து 6 வாரம் சைக்கிள் பண்ணுங்க, அதாவது அமோனியாவைச் சிதைக்கற நல்ல பாக்டீரியா ஃபில்ட்டர்ல வளர விடுங்க, இல்ல ஏற்கனவே ஓடற டேங்கோட ஸ்பாஞ்சை ஒண்ணு கேட்டு வாங்கி உங்க ஃபில்ட்டர்ல போடுங்க. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டற வரைக்கும் மீன் வாங்கப் போகாதீங்க. வாரா வாரம் 30, 40 சதவீதம் தண்ணி மாத்தறது கட்டாயம், இதுல சலுகையே கெடயாது.

டேங்கும் கல்லும்

எம்புனாவுக்கு 4 அடி நீளம் வேணும். 4க்கு 1½க்கு 1½ அடி டேங்க்னா சுமார் 250 லிட்டர், கல்லு கண்ணாடி ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 350 கிலோவுக்கு மேல போகும், மேல் மாடி ஃப்ளாட்ல இருக்கறவங்க ரூம் நடுவுல வெக்காம பீம் போற சுவரோரமா வைங்க. உயரமான டேங்க் அழகா இருக்கும், ஆனா சிக்லிட்டுக்கு வேண்டியது தரை. எல்லை பிரிக்கறது தரையிலதான், அதனால அதே லிட்டருக்கு நீளமான டேங்கை எடுங்க. ஒரு கான்விக்ட் ஜோடிக்கு 2½ அடி போதும்.

கல்லு அடுக்கறதுலதான் பாதி சண்டை தீருது. தெரு நாயை கவனிச்சிருப்பீங்க, இன்னொரு நாயை தன் தெரு முனை வரைக்கும் துரத்திட்டு அங்க நின்னுடும், அதைத் தாண்டாது. எம்புனாவும் அப்படித்தான், தன் குகைக்கு பக்கத்துல வெறி அதிகம், தூரம் போகப் போக குறையும், கண்ணுக்குத் தெரியலன்னா துரத்தவே துரத்தாது. அதனால கல்லை பின் கண்ணாடியோரம் ஒரே சுவரா அடுக்காதீங்க. மூணு நாலு தனித்தனி குவியலா வைங்க, ஒரு குவியல்ல இருந்து பாத்தா அடுத்த குவியலோட பின்பக்கம் தெரியக்கூடாது. ஒவ்வொரு குகைக்கும் ரெண்டு வாசல் இருக்கணும், ஒரு வாசல்னா அடி வாங்கற மீன் உள்ள மாட்டிக்கிட்டு செத்துடும்.

சாதாரண கருங்கல்லே போதும், கட்டடம் கட்டற இடத்துல கிடைக்கும், சிமெண்ட் ஒட்டாததா பாத்து கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவுங்க. உடைஞ்ச மண்சட்டி, பூந்தொட்டி, பிவிசி பைப் துண்டு எல்லாமே நல்ல குகை. முக்கியமான விஷயம், கல்லை மணல் மேல வெக்கக்கூடாது. முதல்ல கண்ணாடி மேல ஒரு எக் க்ரேட் ஷீட் (சதுர சதுரமா ஓட்டை இருக்கற பிளாஸ்டிக் கட்டம்), அதுமேல கல்லு, கடைசியா மணல். இந்த மீனுங்க ராத்திரி பகலா மணல் தோண்டும், மணல் மேல நிக்கற கல்லு ஒரு நாள் சரிஞ்சா அடியில மீன் நசுங்கும், இல்ல கண்ணாடி போயிடும். எம் சாண்ட் முனை கூர்மையா இருக்கும், வாயில மணல் சல்லடை போடற மீனுக்கு அது வேணாம், தண்ணி ஃபில்ட்டருக்கு விக்கற மணல் எடுத்து நல்லா அலசிப் போடுங்க.

ஃபில்ட்டர் மணிக்கு டேங்க் தண்ணியை ஒரு 6, 8 தடவை சுத்தணும்.

மீன் வாங்கும்போது

எம்புனாவை ஜோடியா வாங்காதீங்க. ஒரு ஆண், ஒரு பெண்ணுன்னு விட்டா ஆணோட மொத்த வேகமும் அந்த ஒரே பெண் மேல விழும், ஒரு வாரத்துல அது ஃபில்ட்டர் பைப்புக்குப் பின்னாடி கிழிஞ்ச வாலோட ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒரு ஆணுக்கு மூணு நாலு பெண் இருக்கணும், அடி பிரிஞ்சு போகும். சின்ன வயசுல ஆண் பெண் கண்டுபிடிக்கறது கஷ்டம், பின் துடுப்புல இருக்கற மஞ்சப் புள்ளியை வெச்சு சொல்லுவாங்க, அது நம்பற மாதிரி இல்ல, பெண்ணுக்கும் வரும். அதனால ஒரே இனத்துல 8, 10 குட்டியா வாங்கி வளத்து, பெரிசானதும் அதிகமா இருக்கற ஆணை மட்டும் எடுத்துடறதுதான் சரியான வழி. டெமாசோனின்னா 12க்கு குறையக்கூடாது, அது தன் இனத்தையே தேடித் தேடி அடிக்கற மீன், எண்ணிக்கை கம்மியா இருந்தா ஒண்ணு ஒண்ணா குறைஞ்சு கடைசியில ஒண்ணுதான் மிஞ்சும்.

நிறத்தையும் பாருங்க. ஆண் மீன் எதிரின்னு நினைக்கறது தன்னை மாதிரியே இருக்கற மீனைத்தான். நீலத்துல கருப்புப் பட்டை போட்ட ரெண்டு இனத்தை ஒண்ணா விட்டா ரெண்டும் ஒரே இனம் மாதிரி அடிச்சுக்கும், அதைவிட மோசம், கலந்து முட்டை போட்டுடும். மஞ்சள் ஒண்ணு, நீலப்பட்டை ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணுன்னு பிரிச்சு எடுங்க. "அசார்ட்டட் ஆப்பிரிக்கன்"னு கலந்து விக்கற டேங்க்ல இருந்து பாக்கறதுக்கு வாங்கலாம், குஞ்சு எடுக்க வாங்காதீங்க, பாதிக்கு மேல எதோட கலப்புன்னே தெரியாது. இன்னொண்ணு, ரெண்டு இஞ்ச் சைஸ்ல எல்லா பீகாக்கும் ஒண்ணு விடாம ஆண் நிறத்துல ஜொலிச்சா தள்ளி நில்லுங்க. பண்ணையில ஹார்மோன் குடுத்து நிறம் ஏத்தறது இருக்கு, வீட்டுக்கு வந்து சில வாரத்துல நிறம் இறங்கும், அதுல பெண் மீனுக்கும் ஆண் நிறம் இருக்கும், குஞ்சுக்கு அந்த மீனை நம்ப முடியாது.

எம்புனா டேங்க்ல மீன் கொஞ்சம் நெருக்கமாவே இருக்கணும், 4 அடியில 20 மீனுக்கு மேல போகலாம், கூட்டமா இருந்தா பலசாலி யாரோ ஒருத்தனையே குறி வெச்சு துரத்த முடியாது. இது எம்புனாவுக்கு மட்டும்தான், அதுவும் ஃபில்ட்டரும் தண்ணி மாத்தறதும் சரியா இருந்தா மட்டும்தான். கான்விக்ட் டேங்க்ல இந்த கணக்கைப் போட்டீங்கன்னா காலையில பிணம் பொறுக்கணும்.

சண்டையைப் படிக்கக் கத்துக்கங்க

தினமும் சாப்பாடு போடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் டேங்க் முன்னாடி ஒக்காந்து சும்மா பாருங்க, எந்த மருந்தும் எந்த உபகரணமும் இதுக்கு ஈடாகாது.

ரெண்டு ஆண் மீன் பக்கவாட்டுல நின்னு துடுப்பை விறைச்சு உடம்பை நடுங்க வெக்கும், செவுளை விரிக்கும், ஒண்ணையொண்ணு சுத்தும். சில சமயம் வாயோட வாய் கவ்விக்கிட்டு இழுத்து தள்ளும். பாக்க பயமா இருக்கும், ஆனா இது பலம் பாக்கற வேலை, நிறைய தடவை ரத்தமே இல்லாம முடியும், தோத்தது நிறம் மங்கி ஒதுங்கிடும், ஜெயிச்சது ரெண்டடி துரத்திட்டு திரும்பி வந்துடும். இதுல நீங்க தலையிடக்கூடாது. பாதியில பிரிச்சா நாளைக்கு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

தலையிட வேண்டியது எப்போன்னா, ஓடினதுக்கப்புறமும் துரத்தல் நிக்காதப்போ. ஒரு மீன் டேங்க் மேல் மூலையில துடுப்பை ஒடுக்கிக்கிட்டு, மூக்கு தண்ணி மட்டத்துல ஒட்டி நிக்குதா, சாப்பாடு போட்டாலும் கீழ வரலையா, வால் ஓரம் வெள்ளையா பிய்ஞ்சிருக்கா, பக்கவாட்டுல செதில் உதிர்ந்து வெளுத்த புள்ளி தெரியுதா, அந்த மீனுக்கு நேரம் கம்மி. நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க, அன்னைக்கே எடுங்க. தனி டேங்க்ல லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு, நல்ல ஏர், மங்கல் வெளிச்சம், அதுலயே பெரும்பாலும் தேறிடும்.

பலசாலியை எடுக்கறதா அடி வாங்கினதை எடுக்கறதான்னு எல்லாரும் கேப்பாங்க. அடி வாங்கினதை காப்பாத்த எடுக்கணும், பிரச்சினையைத் தீர்க்க பலசாலியை எடுக்கணும், ரெண்டும் செய்யணும். பலசாலியை ஒரு வாரம் வேற டேங்க்ல போட்டுட்டு, இங்க கல்லு எல்லாத்தையும் கலைச்சு இடம் மாத்தி அடுக்குங்க, மத்த மீனுங்க புதுசா எல்லை பிரிச்சுக்கும், அப்புறம் அதைக் கொண்டுவந்து விட்டா அது புது ஆளா உள்ள வரும், பழைய அதிகாரம் இருக்காது.

இதுல ஒண்ணு கவனிங்க, ராஜாவை எடுத்தா ரெண்டாவது இடத்துல இருந்தது சும்மா இருக்காது. ஆப்பிரிக்க சிக்லிட்ல பர்ட்டோனின்னு ஒரு இனத்தை வெச்சு ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டியில ரஸ்ஸல் ஃபெர்னால்டோட குழு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினாங்க. மேல இருந்த ஆணை எடுத்துட்டா கீழ இருந்த ஆண் நிமிஷக் கணக்குல நிறம் மாறி அதிகாரம் பண்ண ஆரம்பிக்குது, அடுத்தடுத்த நாள்ல மூளையில இனப்பெருக்க ஹார்மோனை ஆட்டி வெக்கற நரம்பு செல்லே பெருசாகுது. நம்ம டேங்க்லயும் இதைப் பாக்கலாம், நேத்து வரைக்கும் சாம்பல் நிறத்துல ஒளிஞ்சிருந்தது இன்னைக்கு பளபளன்னு நடுவுல நிக்கும். அதனால ராஜாவை எடுத்த முதல் ரெண்டு நாள் டேங்கை விட்டு கண்ணை எடுக்காதீங்க.

புது மீன் விடறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஒத்தையா விடாதீங்க, நாலஞ்சு சேர்த்து விடுங்க. பழைய மீனுக்கு நல்லா சாப்பாடு போட்டு, கல்லை கொஞ்சம் மாத்தி, லைட்டை அணைச்சுட்டு விடுங்க, அடுத்த நாள் காலையில லைட்டை லேட்டாவே போடுங்க. அதுக்கு முன்னாடி புது மீனை ரெண்டு மூணு வாரமாவது தனி டேங்க்ல வெச்சுப் பாத்திருக்கணும். லைட் தினமும் 8 மணி நேரத்துக்கு மேல எரிய வேணாம், வெளிச்சம் கூடினா துரத்தலும் கூடும்.

சாப்பாடும் சண்டையோட சேர்ந்ததுதான். எம்புனா பெரும்பாலும் ஏரியில கல்லு மேல இருக்கற பாசியை சுரண்டித் திங்கற மீன், ஸ்பைருலினா பாசி இருக்கற சாப்பாடுதான் அதுக்கு. ரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் புழு, மாட்டு இதயம்னு போட்டா வயிறு உப்பி சாணி வெள்ளை நூலா போய் சாகும், அதுக்கு மலாவி ப்ளோட்னு பேரு, பயந்து ஒடுங்கின மீனுக்குத்தான் முதல்ல வரும். ஒரே மூலையில கொட்டாம டேங்க் நீளத்துக்கும் தூவுங்க, இல்லன்னா அந்த மூலைக்கு ஒருத்தன் ஓனர் ஆயிடுவான்.

எம்புனா: வாயில இருந்து குஞ்சு எடுக்கற முறை

ஆண் நிறம் ஏறி ஒரு தட்டையான கல்லையோ குழியையோ சுத்தம் பண்ண ஆரம்பிச்சா அடுத்த ஒரு வாரம் கவனமா இருங்க. பெண் அந்தப் பக்கம் வந்ததும் ஆண் முன்னாடி போய் உடம்பை அதிர வெச்சு குழிக்கு கூப்பிடும். ரெண்டும் தலையும் வாலுமா வட்டமா சுத்தும். பெண் ஒண்ணு ரெண்டு முட்டை போடும், உடனே திரும்பி வாயில எடுத்துக்கும், ஆணோட பின் துடுப்புல முட்டை மாதிரியே மஞ்சப் புள்ளி இருக்கும், அதையும் கொத்தும், அந்த நேரம் ஆண் விந்து விடும், வாய்க்குள்ளயே முட்டை கருவாகும். இது அரை மணி, ஒரு மணி நேரம் கூட போகும். நேர்ல ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா இந்த ஹாபியை விடமாட்டீங்க.

நிறைய தடவை இதை நாம பாக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். அடுத்த நாள் சாப்பாடு போடும்போது தெரியும், எல்லாம் பாஞ்சு வரும், ஒரு பெண் மட்டும் கிட்ட வந்து திங்காம திரும்பும், தாடை கீழ தொங்கி தொண்டை உப்பியிருக்கும், அப்பப்போ எதையோ மெல்லற மாதிரி வாயை அசைக்கும். அது முட்டையை உருட்டி சுத்தம் பண்றது. தேதியை காலண்டர்ல குறிச்சுடுங்க.

27, 28 டிகிரியில சுமார் மூணு வாரத்துல குஞ்சு தானா வெளிய வரும். பெரிய டேங்க்ல விட்டா மத்த மீன் தின்னுடும். அதனால ரெண்டு வழி. ஒண்ணு, பதினஞ்சு நாள் தாண்டினதும் ராத்திரி லைட் இல்லாதப்போ பெண்ணை மெதுவா வலையில எடுத்து, அதே டேங்க் தண்ணி நிரப்பின ஒரு சின்ன டேங்க்ல ஸ்பாஞ்ச் ஃபில்ட்டரும் ஒரு பைப் துண்டும் போட்டு விட்டுடறது. அதுவா துப்பும். பயந்தா முட்டையை முழுங்கிடும், அதனால முதல் வாரத்துல வலையோட பக்கத்துலயே போகாதீங்க. முதல் தடவை முட்டை வெச்ச பெண் ரெண்டு மூணு நாள்ல முழுங்கிட்டா கவலைப்படாதீங்க, அடுத்தடுத்த தடவையில பழகிக்கும்.

ரெண்டாவது வழி ஸ்ட்ரிப் பண்றது, 16, 18 நாள் வாக்குல. அகலமான டப்பாவுல டேங்க் தண்ணி எடுங்க. கையை நல்லா நனைச்சுக்கங்க, காஞ்ச கை பட்டா மீன் மேல இருக்கற வழவழப்பு போயிடும். பெண்ணை உள்ளங்கையில தலை கீழ சாஞ்ச மாதிரி தண்ணிக்குள்ளயே பிடிச்சு, கட்டைவிரல் நகத்தால கீழ்த் தாடையை லேசா, ரொம்ப லேசா திறங்க. கொஞ்ச நேரம் அடம் பிடிக்கும், அப்புறம் ஒண்ணு ஒண்ணா விழும், வயித்துல மஞ்சக் கரு ஒட்டியிருக்கற வாலு முளைச்ச குஞ்சு. ஒரு மீனுக்கு 10ல இருந்து 60 வரைக்கும் இனத்தையும் வயசையும் பொறுத்து வரும். வாயில ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கான்னு பாத்துட்டு விடுங்க. வயிறு மஞ்சள் கரைஞ்சு நீந்தற வரைக்கும் குஞ்சை வலை ப்ரீடர்ல (டேங்குக்குள்ள தொங்க விடற சின்ன வலைப் பெட்டி) பக்கத்துல மெதுவா ஏர் ஓடற மாதிரி வெச்சா போதும்.

துப்பின பெண்ணை உடனே கூட்டத்துல விடாதீங்க. மூணு வாரம் சரியா திங்காம எலும்பும் தோலுமா இருக்கும், மூணு நாலு நாள் தனியா வெச்சு நல்லா சாப்பாடு குடுங்க. அதுக்கு மேலயும் வெக்க வேணாம், ரொம்ப நாள் கழிச்சு போனா அதோட இடம் போயிடும், புது மீனா நினைச்சு அடிப்பாங்க.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை, அழகா இருக்குன்னு மல்டிபங்டேட்டஸ் கேட்ஃபிஷ்ஷை இந்த டேங்க்ல விடாதீங்க. டாங்கனிக்கா ஏரி மீன் அது, சிக்லிட் முட்டை போடற நேரத்துல நடுவுல புகுந்து தன் முட்டையைப் போட்டுடும், அம்மா அதையும் சேர்த்து வாயில எடுத்துக்கும், உள்ளயே பொரிஞ்ச கேட்ஃபிஷ் குஞ்சு சிக்லிட் குஞ்சைத் தின்னு வளரும்.

கான்விக்ட்: அப்பா அம்மா ரெண்டும் காவல்

ஆறு குட்டி வாங்கி ஒண்ணா வளங்க, அதுவா ஜோடி சேரட்டும், நாமளா சேத்து வெக்கற ஜோடியைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது. பெண்ணைக் கண்டுபிடிக்கறது சுலபம், வயித்துல ஆரஞ்சு நிறம் இருக்கும், சைஸ் சின்னது. ஜோடி சேந்ததும் மத்த நாலையும் எடுத்துடுங்க.

பூந்தொட்டியை படுக்க வெச்சா போதும், உள் பக்கம் நூத்துக்கணக்குல முட்டை ஒட்டும். அம்மா துடுப்பால விசிறிக்கிட்டே இருக்கும், வெள்ளையான கெட்ட முட்டையை பொறுக்கி எடுத்துடும், அப்பா வாசல்ல நிக்கும். 28 டிகிரியில மூணு நாள்ல பொரியும், ஆனா நீந்தாது, கூட்டமா துடிச்சுக்கிட்டு ஒரே இடத்துல கிடக்கும். அப்பா அம்மா அதுங்களை வாயில எடுத்து மணல்ல தோண்டின குழியில துப்பும், அடுத்த நாள் வேற குழிக்கு மாத்தும். முட்டை போட்டு ஒரு வாரத்துல குஞ்சு மேகம் மாதிரி நீந்தும். அப்போ கிட்டப் போய் பாருங்க, அம்மா மணல் மேல படிஞ்சு பக்கத் துடுப்பை வேகமா அடிச்சு தூசியைக் கிளப்பும், குஞ்சுங்க ஓடி வந்து அதுல இருக்கறதை பொறுக்கித் திங்கும்.

இந்த நேரத்துல டேங்க்ல வேற எந்த மீன் இருந்தாலும் அதுக்கு உயிர் ஆபத்து. உங்க கையையும் கடிக்கும்.

பெரிய தலைவலி ஆண் பெண்ணை அடிக்கறது. ஆண் தயார், பெண் இன்னும் தயார் இல்லன்னா விடாம துரத்தும், சாகடிக்கவும் செய்யும். எக் க்ரேட் ஷீட்டை டேங்க் குறுக்க நிறுத்தி, கீழ் மூலையில பெண் மட்டும் நுழையற அளவு ஓட்டை வெட்டுங்க, ஆண் பெரிசுங்கறதால வர முடியாது, பெண் இஷ்டப்பட்டப்போ போகும், வேணாம்னா திரும்பிடும். டேங்க் பெருசா இருந்தா இன்னொரு வழியும் இருக்கு, ஜயன்ட் டானியோ மாதிரி வேகமா மேல் மட்டத்துல ஓடற மீன் ஒரு ஆறு விடுங்க, மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள்ல இருக்கற நம்ம ஊர் மீன்தான், பிடிக்கு சிக்காது. வெளிய ஒரு எதிரி தெரிஞ்சா ஆண் அதை விரட்டப் போகும், ஜோடிக்குள்ள அடிதடி குறையும். குஞ்சு நீந்த ஆரம்பிச்சா மட்டும் டானியோவை எடுத்துடுங்க, அதுவும் குஞ்சு தின்னும்.

முதல் ரெண்டு ஈடு முட்டையை அப்பா அம்மாவே தின்னுட்டா அதுல தப்பு எதுவும் இல்ல, விட்டுடுங்க.

குஞ்சு வளர்ப்பு

எம்புனா குஞ்சு பிறக்கும்போதே ஓரளவு பெருசு, ஃப்ளேக்கை விரலால பொடி பண்ணி போட்டாலே திங்கும். கான்விக்ட் குஞ்சுக்கு முதல் வாரம் ஆர்டீமியா (உப்புத் தண்ணியில வாழற ரொம்பச் சின்ன இறால் மாதிரி உயிர்) முட்டையைப் பொரிச்சு குடுத்தா வளர்ச்சியே வேற. ஒரு லிட்டர் தண்ணிக்கு 25, 30 கிராம் உப்பு, பாட்டில்ல அடியில இருந்து வேகமா ஏர், மேல லைட், சென்னை வெயிலுக்கு ஹீட்டரே வேணாம், 24 மணி நேரத்துல பொரிஞ்சுடும். உப்புத் தண்ணியை வடிகட்டி அலசிட்டுதான் போடணும்.

ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, அடியில மிச்சம் நின்னா ட்யூப் வெச்சு இழுத்துடுங்க, குஞ்சு டேங்க்ல ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர் தவிர வேற எதுவும் வேணாம். மோட்டார் ஃபில்ட்டர் குஞ்சை இழுத்துடும். வாரத்துல ரெண்டு தடவை தண்ணி மாத்தினா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வால் இல்லாதது, முதுகு வளைஞ்சது இருந்தா அதை அடுத்த தலைமுறைக்கு வெக்காதீங்க.

வெயிலும் கரண்ட்டும்

மே மாசம் டேங்க் தண்ணி 32 டிகிரி தொடும். சூடு ஏறினா மீனோட வேகமும் வெறியும் ஏறும், அதே நேரம் தண்ணியில ஆக்சிஜன் குறையும், ரெண்டும் சேர்ந்துதான் கோடையில மீன் போகுது. மூடியைத் திறந்து வெச்சு தண்ணி மேல படற மாதிரி சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும், காத்துல ஈரம் அதிகமான நாள்ல அவ்ளோ இறங்காது. மீன் தாவாம இருக்க மேல வலை கட்டுங்க. ஃபேன் போட்டா தண்ணி வேகமா ஆவியாகும், குறைஞ்ச தண்ணிக்கு போர் தண்ணியே ஊத்திக்கிட்டு இருந்தா உப்பு ஏறிக்கிட்டே போகும், அந்த ஈடுகட்டறதுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி ஊத்துங்க. கோடையில சாப்பாட்டை பாதியாக்குங்க.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ பல ஏரியாவுல நாள்கணக்குல கரண்ட் இல்ல, இன்வெர்ட்டரும் ஒரு ராத்திரிக்கு மேல தாங்கல. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணும் பேட்டரியும் எப்பவும் வீட்ல இருக்கணும், நெருக்கமா மீன் இருக்கற எம்புனா டேங்குக்கு இது விருப்பம் இல்ல, அவசியம். கரண்ட் இல்லாதப்போ சாப்பாடு போடாதீங்க. கேனிஸ்டர் ஃபில்ட்டர் (டேங்குக்கு வெளிய வெக்கற மூடின ஃபில்ட்டர்) பல மணி நேரம் நின்னிருந்தா அப்படியே ஆன் பண்ணாதீங்க, உள்ள இருக்கற அழுகின தண்ணியைக் கொட்டி, மீடியாவை (பாக்டீரியா ஒட்டி வளர்ற ஸ்பாஞ்ச் மாதிரி பொருள்) டேங்க் தண்ணியில அலசிட்டு ஓட்டுங்க.

குஞ்சு அதிகமானா

கான்விக்ட் ஜோடி குஞ்சை எடுத்துட்டா சில வாரத்துல மறுபடி முட்டை போடும், ஒரு வருஷத்துல உங்க வீடு தாங்காது. ஒரு ஈடு வளக்கும்போது அடுத்த ஈட்டை வேணாம்னு நினைச்சா ஆணையும் பெண்ணையும் பிரிச்சு வைங்க. எந்தக் காரணத்துக்கும் போரூர் ஏரியிலயோ அடையாறுலயோ கொண்டு போய் விடாதீங்க. 1952ல இந்தியாவுக்குள்ள கொண்டு வந்த ஜிலேபியும் சிக்லிட்தான், இன்னைக்கு ஏரி ஏரியா அது எவ்ளோ பரவியிருக்குன்னு வலை போடறவங்களைக் கேட்டா தெரியும்.

ஒன்றரை இஞ்ச் ஆன குஞ்சை கடைக்காரங்க வாங்குவாங்க, வாங்கற விலை சொற்பம்தான், பதிலுக்கு சாப்பாடோ மீடியாவோ எடுத்துக்கிட்டா இன்னும் லாபம். குடுக்கும்போது இனத்தை உள்ளது உள்ளபடி சொல்லுங்க, கலப்புன்னா கலப்புன்னு சொல்லுங்க. கொண்டு போறதுக்கு முந்தின நாள் சாப்பாடு போடாதீங்க, கவர்ல தண்ணி மூணுல ஒரு பங்கு, மிச்சம் காத்து, மூலையில குஞ்சு சிக்கி நசுங்காம இருக்க கவரோட அடி ரெண்டு மூலையையும் ரப்பர் பேண்ட் போட்டு கட்டிடுங்க, ஒரு கவர்ல பெரிசையும் சின்னதையும் கலக்காதீங்க, வெயில் ஏறதுக்கு முன்னாடி காலையிலயே போய் குடுத்துடுங்க.